பூக் கேட்ட நேரத்தில் அறுந்த போன்

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். வேறு ஊரில் வேலை கிடைத்து, அன்று மதியம் வீடு மாறுவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு, கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, பட்டுப் புடவை கட்டிப் பொட்டு வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெட்டியின் மேல் என் போன் நின்றது. போனுக்குள் எங்கள் ஊர்ச் சாமி.

எங்கள் ஊர் கொல்லிமலையில், அரியூர் நாட்டில் இருக்கிறது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்பாவுக்கு மிளகும் மரவள்ளியும், பள்ளத்தில் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. எனக்கு ஒரே தம்பி. பிக்கப் வண்டி வைத்து, மலையில் விளையும் கிழங்கையும் வாழைத்தாரையும் கீழே கொண்டுபோய் இறக்குகிறவன். நான் ஜெர்மனி போன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் தூதர் அவன்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போனில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறொன்றும் தெரியாது. தம்பி எனக்கு நாள் தவறாமல் குரல் பதிவு அனுப்புவான். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவதால், வளைவில் அவன் அடிக்கும் ஹாரனும், "மாடு வருதுங்க்கா, இருங்க" என்பதும் சேர்ந்தே வந்துவிடும். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைக் கேட்டால் எனக்குப் பாதிக் களைப்பு போய்விடும்.

அப்படி வந்த ஒரு பதிவில்தான் அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொன்னான். ஆலத்தூர் நாட்டுப் பெண். அவள் அப்பாவின் அன்னாசிப் பழத்தை ஏற்றப் போன இடத்தில் பழக்கம். எடை போடும்போது இவன் கணக்கில் தவறு கண்டுபிடித்தாளாம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு ஒருநாள் வீடியோவில் அவளைக் காட்டினான். கையில் அரிவாளோடு அன்னாசிக்கு நடுவில் நின்று, "அண்ணி, அங்க பனி பேஞ்சாக் காட்டுங்க" என்று கேட்டாள். புருஷனின் அக்காவைக் கூப்பிடுவது போல அண்ணி என்று அவள் கூப்பிட்ட அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. குளிர்காலம் வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து அவளுக்குப் பனியைக் காட்டினேன்.

அம்மாவுக்கும் அவளைப் பிடித்திருந்தது. அப்பாவுக்கும் மறுப்பில்லை. குறுக்கே நின்றவர் பெரியப்பா. அந்தக் காலத்தில் பெண்ணின் ஊரில் யாரோ எங்கள் அத்தை ஒருத்தியைப் பெண் கேட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு மாற்றும் நேரத்தில் வேறு இடம் போய்விட்டார்களாம். அத்தையே அதை மறந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பெரியப்பா மறக்கவில்லை. அவரை மீறிக் கல்யாணம் நடத்த அப்பாவுக்குத் தைரியமும் இல்லை. அந்தப் பக்கம் பெண் வீட்டுக்குக் கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, வேறு ஒரு சம்பந்தம் வந்து நின்றது. ஆடி பிறப்பதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னார்கள். கடைசியில், சாமியிடம் பூக் கேட்பது, வருகிற பதிலுக்கு இரண்டு பக்கமும் கட்டுப்படுவது என்று பேசி முடித்தார்கள்.

பூக் கேட்பது பலருக்கும் தெரிந்த வழக்கம்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் என்று வாழையிலையில் மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுத்ததை மட்டும்தான் பூசாரி பிரித்துக் காட்டுவார். எடுக்காததைப் பிரிக்காமல் சுனைத் தண்ணீரில் விட்டுவிடுவார். ஒருமுறை கேட்ட கேள்வியை ஒரு வருஷம் கழியாமல் மறுபடி கேட்கக் கூடாது. இதில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளையாகப் போகிறவனின் கூடப் பிறந்தவள்தான் கேள்வியை வாய்விட்டுச் சாமியிடம் கேட்க வேண்டும்.

நான் ஏழு கடல் தாண்டி இருக்கிறேனே என்று அப்பா சித்தப்பாவின் மகளைக் கேட்க வைக்கலாம் என்றார். அவளும் அக்கா முறைதான், அதில் தவறில்லை. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வெளிநாடு போனால் நான் அக்கா இல்லையா, மாசா மாசம் குடும்பத்துக்கு எல்லாம் செய்கிறவள் இதற்கு மட்டும் வேண்டாமா என்று போனில் ஒரு மூச்சு அழுதேன். வீடியோவில் கேட்டால் ஆகாதா என்று தம்பியும் என் பக்கம் பேசினான். பெரியப்பா வெகுநேரம் யோசித்து, "கொரலு வந்தாப் போதுங்க, சாமிக்குக் காதுதான வேணும்" என்று ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டதே எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

எங்கள் கோயில் சோலைக்குள் இருக்கிறது. அங்கே டவர் கிடைக்காது. தம்பி முதல் நாளே போய், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோலையைச் சுற்றி நடந்திருக்கிறான். பலிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாறையின் மேல் வைத்தால் நாலு கோடு வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டுப் பார்த்தான். மூங்கிலைப் பிளந்து போனுக்கு ஒரு தாங்கி செய்தான். புதிதாக நெட் பேக் போட்டான். சார்ஜ் போகாமலிருக்க பவர் பேங்க் வேறு. இவ்வளவும் செய்துவிட்டு, "எங்க பக்கம் கொறை வராதுங்க்கா" என்று சொன்னான். அவன் பக்கம் கடைசி வரை ஒரு குறையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அங்கே உச்சி வேளை நெருங்கும் நேரம். போனில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பூசாரி என்னைப் பார்த்து, போனுக்குத் தோல் உறை போட்டிருந்தால் கழற்றிவிடச் சொன்னார். தோல் உறை இருந்தது தம்பியின் போனில் அல்ல, என் போனில்தான். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு நானும் கழற்றிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லோருக்கும் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றது. பொட்டலத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். பூசாரி மணியடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன். குலதெய்வத்தின் பெயர் சொல்லி, அப்பா பெயர், அம்மா பெயர் சொல்லி, என் கூடப் பிறந்தவனின் பெயர் சொல்லி, ஆலத்தூர் நாட்டு இன்னார் மகளை எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற அழைத்து வரலாமா, உனக்குச் சம்மதமா, சம்மதமென்றால் வெள்ளைப் பூக் கொடு என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்டு முடித்துப் பார்த்தால் போனில் யாரும் அசையவில்லை. பயபக்தியோடு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். குழந்தையின் வாய் திறந்தபடி இருந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. திரையின் நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் லைன் அறுந்தது புரிந்தது.

நடந்தது இதுதான். வீடு மாறுவதால் வீட்டு நெட்டை நிறுத்தச் சொல்லி முன்னமே எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைய தேதிதான் கடைசி. தேதி என்றால் ராத்திரி வரை இருக்கும் என்று நான் நினைத்தேன். கம்பெனிக்காரர்களோ காலையில் ஆபீஸ் திறந்த கையோடு நிறுத்திவிட்டார்கள். என் போன் சிம்மும் அதே ஒப்பந்தத்தில் இருந்ததால் அதுவும் சேர்ந்தே செத்துப்போயிற்று. புதிய சிம் உறையோடு கைப்பையில் இருந்தது. அதை உயிர்ப்பிக்க, வீடியோவில் என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒருவருக்குக் காட்ட வேண்டும். அதற்கு நெட் வேண்டும். காட்டுக்குள் நாலு கோடு எரிய, ஜெர்மனியில் நான் ஒரு கோடுகூட இல்லாமல் பட்டுப் புடவையில் நின்றேன்.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினேன். பஸ் நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. அதில் நுழைய, போன் நம்பரைக் கொடுத்தால் ஒரு எண் வரும், அதைப் போட வேண்டும். செத்த நம்பருக்கு எண் எங்கிருந்து வரும்? பேக்கரிக்குள் போய், அரைகுறை ஜெர்மனில், அவசரம், தம்பி, கல்யாணம், இந்தியா என்று என்னென்னவோ உளறினேன். அந்தக் கடைக்காரப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, தன் போனைத் திறந்து, அதன் நெட்டை என் போனுக்குக் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலையும் இழுத்துப் போட்டாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் தாமதமாகிவிட்டது.

தம்பி போனை எடுத்தான். முகத்தைக் காட்டவில்லை. மரங்கள்தான் தெரிந்தன. "முடிஞ்சு போச்சுங்க்கா" என்றான்.

அங்கே நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி பெயர் வரைக்கும் என் குரல் போயிருக்கிறது. அதற்கு மேல் போகவில்லை. பேச்சு நின்றதும், கேட்டு முடிந்தது என்று நினைத்துக் குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டது. அப்புறம்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். திரையில் நான் கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, கையைக் கூப்பியபடி அசையாமல் இருந்தேனாம். தம்பி திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். பூசாரி, எடுத்தாகிவிட்டதே, பிரிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா எழுந்துவிட்டார். கேட்கிற வாய் பாதியில் நின்றுபோனால் அதற்கு மேல் சாமியிடம் என்ன கேள்வி, இதைவிடத் தெளிவாக வேண்டாமென்று சாமி எப்படிச் சொல்லும் என்றிருக்கிறார். அப்பா அம்மாவைப் பார்த்தாராம். அம்மா வாயே திறக்கவில்லை. பொட்டலம் இரண்டும் பிரிக்காமலேயே சுனைக்குப் போய்விட்டன.

பேக்கரி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் அப்பாவிடம் மன்றாடினேன். இது சகுனமில்லை, நெட் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தேதி அன்றைக்குத்தான், வேண்டுமானால் கடிதத்தைக் காட்டுகிறேன் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். அவர் கோபக்காரர் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நெட்டு போனது செரி அம்மிணி. அந்த நேரத்துல ஏன் போச்சு?"

முதல் நாள் ராத்திரியே போயிருக்கலாம், பத்து நிமிஷம் கழித்துப் போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் உள்ளேயும் ஏதோ ஒன்று ஆட்டம் கண்டது. படித்தவள், நாலு தேசத்து மனிதர்களுக்கு ஊசி போடுகிறவள், ஆனாலும் அந்த மலையில் பிறந்தவள்தானே. அந்தத் தயக்கத்தால்தான் அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்ப் பெரியப்பா காலில் விழுந்திருக்கலாம். புது ஊர், புது வேலை, விடுப்புக் கேட்க முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மதியம் பெட்டிகளோடு வண்டியேறிவிட்டேன்.

பெண் வீட்டில் ஆடிக்கு மேல் காத்திருக்கவில்லை. தை மாதம் அவளுக்குக் கீழ்நாட்டில் கல்யாணம் ஆயிற்று. அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். நெட் எல்லோருக்கும் போகிறதுதான் அண்ணி, நீங்கள் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்று எழுதியிருந்தாள். பதில் எழுத வார்த்தை தேடி ஒரு வாரம் கடத்தினேன். ஒருநாள் அவள் நம்பரில் இருந்த, அன்னாசிக் காட்டில் அவள் நிற்கிற படம் போய், வெறும் சாம்பல் வட்டம் வந்துவிட்டது. நம்பரை மாற்றியிருப்பாள். அதற்கப்புறம் நான் எழுதிய பதில் ஒற்றை டிக்கோடு இன்னும் அங்கேயே நிற்கிறது.

தம்பி சண்டை போடவில்லை, குடிக்கவில்லை, வீட்டை விட்டுப் போகவில்லை. குரல் பதிவு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டான். நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும், பேசினாலும், ஒரு கட்டைவிரல் படம் வரும். சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல். வண்டி எப்படி ஓடுகிறது என்றால் கட்டைவிரல். பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால் அதுவும் வராது. நான் பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, "மாடு வருதுங்க்கா, இருங்க" என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கோபமெல்லாம் அம்மா மேல்தான் திரும்பியது. அம்மா சாதாரண ஆள் இல்லை. பெரியப்பாவையே எதிர்த்துப் பேசி, என்னைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தது அதுதான். அப்படிப்பட்டது, அன்றைக்கு மட்டும் ஏன் கல் மாதிரி நின்றது? "எடுத்த பொட்டலத்தப் பிரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசாரி பிரித்திருப்பார். வெள்ளையோ சிவப்போ, ஒரு பதிலாவது கிடைத்திருக்கும். வாராவாரம் வீடியோவில் அம்மா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நெஞ்சில் வந்து நிற்கும். அம்மாவும் மாறித்தான் போயிருந்தது. போனை எடுத்ததும், "நெட்டு நல்லா இருக்குதா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்கும். நான் நன்றாக இருக்கிறது என்றாலும், நல்ல விஷயம் எதையும் போனில் பேசாது. மாடு கன்று போட்டதைக்கூட, கன்று எழுந்து ஓடிய பிறகுதான் சொல்லும்.

இந்த வருஷம் மாசியில்தான் எனக்கு நீண்ட விடுப்பு கிடைத்து ஊருக்குப் போனேன். மிளகு பறித்து வந்திருந்த நேரம். நானும் அம்மாவும் வாசலில் சாக்கை விரித்து, கொத்திலிருந்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தோம். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். தம்பி லோடு ஏற்றப் போயிருந்தான். நேரில் இருக்கும்போதுதானே கேட்க முடியும் என்று, வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். உன் மகன் வாழ்க்கை போகிறபோது ஒரு வார்த்தை பேச உனக்கு நாக்கு வரவில்லையா என்றேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. மிளகு உதிர்ந்துகொண்டே இருந்தது. தலை குனிந்தபடியே சொன்னது.

"பேசுனா உங்க பெரியப்பன் ரெண்டையும் பிரிங்கன்னு சொல்லுவாருன்னு பயந்துட்டேன் கண்ணு. ரெண்டுலயும் வெள்ளப் பூவுதான் இருந்துச்சு. நாந்தான் மடிச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த கொத்து கீழே விழுந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தனியாகப் போய் அரளி பறித்திருக்கிறது. செவ்வரளிச் செடியைத் திரும்பியே பார்க்கவில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பொட்டலத்தையும் கட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிற பெண்மணி, மகனுக்காகச் சாமியிடமே துணிந்து விளையாடியிருக்கிறது. குழந்தை எதை எடுத்தாலும் கல்யாணம்தான். எடுக்காததை யாரும் பிரிக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் சரி பண்ணி வைத்திருந்த அம்மாவால் சரி பண்ண முடியாமல் போனது என் போன் ஒன்றைத்தான்.

கேள்வி பாதியில் நின்று பேச்சு முற்றியபோது அம்மா கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. எதிர்த்து வாதாடினால் பெரியப்பா சந்தேகப்பட்டு இரண்டையும் திறக்கச் சொல்வார். ஊர் முன்னால் மானம் போவதோடு, இந்தச் சம்பந்தமும் அடியோடு போகும். வாயை மூடிக்கொண்டது. அதைவிட எனக்குத் தாங்க முடியாமல் போனது அடுத்துச் சொன்னதுதான். சாமியை ஏமாற்றப் பார்த்ததற்குச் சாமி என் குரலை அறுத்துத் தனக்குக் காட்டிவிட்டது என்று அம்மா நம்புகிறது. மகன் தனியாக நிற்பது தன் குற்றத்தால் என்று நம்புகிறது. இத்தனை வருஷமும் நான் அம்மாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா அதைவிடப் பெரிய குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு, என்னிடம் நெட் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமி இல்லையம்மா, நெட் கம்பெனி, தேதி முடிந்துபோனது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அப்பா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டது. அந்த நேரத்திலா கண்ணு என்றது. பிறகு, தம்பியிடம் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது.

விடுப்பு முடிந்து கிளம்பும்போது தம்பிதான் வண்டியில் கீழே கொண்டுவந்து விட்டான். பின்னால் கிழங்கு மூட்டை, முன்னால் நானும் என் பெட்டியும். முள்ளுக்குறிச்சி போய், அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு அவன் ஹாரன் அடித்தான். நான் போனில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த அதே சத்தம். வாய் வரைக்கும் வந்ததை நான் விழுங்கிக்கொண்டே வந்தேன். சத்தியம் செய்திருக்கிறேனே. பாதி மலை இறங்கியிருப்போம். ரோட்டைப் பார்த்தபடியே அவன் கேட்டான், அம்மா சொல்லிவிட்டதா என்று.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன்.

"அன்னைக்கிக் கூடையத் தூக்கிட்டுப் போனது நான்தானுங்க்கா. எல நடுவுல விரிஞ்சு ரெண்டுலயும் வெள்ளையாத் தெரிஞ்சுது" என்றான்.

அப்படியானால் அம்மா சொல்லவில்லை என்றாலும் நீயாவது பிரிக்கச் சொல்லியிருக்கலாமே, ஒன்றைப் பிரித்தால் வெள்ளைதானே, அவள் உன் வீட்டுக்கு வந்திருப்பாளே என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"ஒண்ணோட நிக்குமாங்க்கா? அம்மாவ அத்தன பேத்துக்கு முன்னால நிக்க வெக்கச் சொல்றீங்களா?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, எனக்குத் தெரியும்னு" என்றும் சொன்னான்.

ஆக, அம்மா சொல்ல வேண்டாம் என்றதை அவன் அறிவான். அவன் சொல்ல வேண்டாம் என்றதை அம்மா அறியாது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் இரண்டு பேருடைய ரகசியத்தையும் சுமந்துகொண்டு நான் ஜெர்மனிக்குத் திரும்பினேன். அன்றைக்கு இன்னும் ஒரு மூச்சு என் குரல் தாக்குப் பிடித்திருந்தால், பூசாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்திருப்பார். அம்மாவின் சின்னப் பொய் சுனையோடு போயிருக்கும். அந்தப் பெண் இன்றைக்கு எங்கள் வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருப்பாள். சித்தப்பா மகள் கேட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். நான்தான் கேட்பேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

விமான நிலையத்திலிருந்து தம்பிக்கு ஏறப்போகிறேன் என்று எழுதினேன். வழக்கம்போல் கட்டைவிரல் வரும் என்றுதான் போனை உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தால் குரல் பதிவு வந்திருந்தது. வண்டிச் சத்தம், ஒரு ஹாரன், "பாத்துப் போங்க்கா", அவ்வளவுதான். வரிசையில் நின்றபடியே அழுதேன். அதற்குப் பிறகு பழையபடி நாள் தவறாமல் வரவில்லை, எப்போதாவது ஒன்று வருகிறது.

இப்போதும் வீட்டோடு பேசும்போது படம் உறைந்து நின்றுவிடுவது உண்டு. எல்லோரும் உடனே நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள், நான் அப்படிச் செய்வதில்லை. போய்ச் சேராது என்று தெரிந்தும், அசையாமல் நிற்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்து, சொல்ல வந்ததைக் கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி கூப்பிடுகிறேன்.